தவக்காலத்தில் புறப்பட்ட ஞாயிறு

தம்பி,

நலமா என்று விசாரித்துத் தொடங்கும் கடிதம் இல்லை இது. நீ நலமாகத்தான் இருப்பாய், கோபமாகவும் இருப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். சொல்லப் பதில் இருந்தது. ஆனால் உன் அம்மா பக்கத்துக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவள் நிஜமாகவே தூங்குகிறாளா, தூங்குவதுபோல் கிடக்கிறாளா என்று இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அவள் காதில் விழாமல் உனக்குச் சொல்ல வேண்டும் என்றால் எழுதித்தான் சொல்ல வேண்டும். சின்னமனூர்க் கடையில் காலமெல்லாம் மோட்டாருக்குக் காயில் கட்டிய கை இது. எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி.

நீ பேசியது அப்படியே நினைவில் இருக்கிறது. "டயாலிசிஸ் பண்றவகள ஸ்கூட்டர்ல உக்கார வச்சு யாராச்சும் சுருளிக்குக் கூட்டிட்டுப் போவாகளாப்பா? அதுவும் தவக்காலத்துல. அம்மா தவக்காலத்துல எங்கிட்டும் நகர மாட்டாக. நீங்கதான் இழுத்துட்டுப் போயிருக்கீக. ஊர் சுத்தாம உங்களுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை கழியாதா?" என்றாய். அம்மா ஆற்றுப் படியில் தண்ணீருக்குள் காலை வைத்து உட்கார்ந்திருக்கும் படத்தை நான் ஸ்டேட்டஸில் போட்டதைப் பார்த்துவிட்டுத்தான் இவ்வளவும் கேட்டாய். கடைசியில், முன்பே சொன்னபடி ஈஸ்டருக்கு வருகிறேன், வந்து அம்மாவைச் சென்னைக்கே கூட்டிப்போய்விடுகிறேன் என்று சொன்னாய். நீ கோபப்பட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. அம்மாவுக்காகக் கோபப்பட ஒரு பிள்ளை இருக்கிறான் என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான். ஆனால் நீ நினைத்தது தப்பு. ஏன் தப்பு என்று சொல்ல, நாங்கள் ஊர் சுற்றிய கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வெளியே கிளம்பும் பழக்கத்தை ஆரம்பித்தவள் உன் அம்மாதான். கல்யாணமான புதிதில் நான் ஞாயிறன்று கடையை மூடிவிட்டு வீட்டில்தான் இருப்பேன். ஆனால் வீட்டில் ஆள் இருப்பது தெரிந்தால் போதும், யாராவது எரிந்துபோன மோட்டாரை மாட்டுவண்டியிலோ சைக்கிளிலோ ஏற்றிக்கொண்டு வாசலுக்கே வந்துவிடுவார்கள். திராட்சைத் தோட்டத்துக்காரருக்குத் தண்ணீர் நின்றால் உயிர் நின்ற மாதிரி, அவரிடம் நாளைக்கு வா என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒருநாள் முதல் பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்ததும் அம்மா சொன்னாள், "வீட்டுக்குப் போக வேணாம். இப்படியே எங்கிட்டாச்சும் கெளம்பிருவோம். ஆளு இருந்தாத்தான மோட்டாரு வரும்." அன்றைக்குத்தான் சண்முகா நதி அணைக்கு முதல்முதலாகப் போனோம். கையில் சாப்பாடுகூட இல்லை. கரையில் உட்கார்ந்து கடலையைக் கொறித்துவிட்டு, வெயில் ஏறியதும் திரும்பினோம். வழியெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். என்னத்துக்குச் சிரிக்கிறாய் என்று கேட்டேன், சும்மாதான் என்றாள்.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஊரில் எல்லார் வீட்டிலும் ஞாயிறு என்றால் கறிக்குழம்பு கொதிக்கும், நம் வீட்டில் மட்டும் கட்டுச்சோறு. "அவுக வீட்ல அடுப்பு மூட்டவே மாட்டாக, சோடியா எங்கிட்டாவது பறந்துருவாக" என்று பக்கத்து வீட்டில் கேலி பேசியது உனக்கும் தெரியும். அம்மா அதற்கெல்லாம் அசைய மாட்டாள். "கறி எடுத்தா மசாலா அரைச்சு, வெந்து, பாத்திரம் கழுவி முடிக்கையில பொழுது அடைஞ்சிரும். புளிச்சோறு கட்டுனா காலாற நடக்கலாம்" என்பாள். பெரிய ஊர் எதையும் நாங்கள் பார்த்ததில்லை. கும்பக்கரை, வைகை அணை, சுருளி அருவி, கடமலைக்குண்டு தாண்டிச் சின்னச்சுருளி, போடிமெட்டு, மேகமலை. போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போவோம். விடிந்து போய் இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. நீ பிறந்த பிறகு ஸ்கூட்டரில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு, எதிரே வரும் பஸ்ஸுக்கெல்லாம் கையைக் காட்டிக்கொண்டு வருவாய். கும்பக்கரைப் பாறையில் வழுக்கி விழுந்து, கால்சட்டை கிழிந்து, அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அம்மா சேலைத் தலைப்புக்குள் ஒளிந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தாய். அதைச் சொன்னால் இப்போதுகூட அவள் கொஞ்சம் சிரிப்பாள்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எங்கே போனாலும் விறுவிறுவென்று முன்னால் நடந்துவிடுவேன். அவள் பின்னால் வருவாள். மேகமலையில் ஒருமுறை அப்படியே நின்றுவிட்டாள். திரும்பிப் பார்த்தால் தேயிலைக்கு நடுவே பாதையில் குத்துக்கல் மாதிரி நிற்கிறாள். "நீங்க பாத்துட்டு வாங்க. வந்து எனக்குக் கதை சொல்லுங்க. உங்க முதுகைப் பாக்கவா நான் இம்புட்டுத் தொலவு வந்தேன்?" என்றாள். அன்றிலிருந்து பக்கத்தில் நடக்கப் பழகினேன். உன் கல்யாணத்தில் எல்லாரும் உனக்குப் புத்தி சொன்னார்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். மனைவியோடு வெளியே போனால் அவள் நடைக்கு நட. அவள் எதையாவது பார்த்து நின்றால் நீயும் நில். நீ பார்க்க வந்ததை அடுத்த வாரம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இனித் தவக்காலத்துக்கு வருகிறேன். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பட்டதும், ஈஸ்டர்வரைக்கும் அந்த நாற்பது நாளும் அம்மா பூ வைக்க மாட்டாள், கவுச்சி தொட மாட்டாள், டிவியில் பாட்டுக்கூட வைக்க விட மாட்டாள். எங்கள் ஊர்சுற்றலும் அன்றோடு நின்றுவிடும். ஒருமுறை பங்குச்சாமியாரே அவளிடம், "ஞாயிறு ஆண்டவருடைய நாள்மா, அது நோன்புக் கணக்குல வராது, நீங்க போயிட்டு வரலாம்" என்று சொல்லிப் பார்த்தார். "சாமியாருக்கு அவுக கணக்கு, எனக்கு என் கணக்கு" என்று வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள். ஈஸ்டர் முடிந்து மறு ஞாயிறுதான் மறுபடி ஸ்கூட்டரில் ஏறுவாள். நான் அவளைக் கட்டிய நாளிலிருந்து ஒரு வருஷம்கூட இது மாறியதில்லை. உனக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் தேக்கடிக்குச் சுற்றுலா வைத்தார்கள், அது தவக்காலத்தில் வந்தது. நீ கதவைச் சாத்திக்கொண்டு அழுதாய். அவளும் அடுப்படியில் அழுதாள், ஆனால் அனுப்பவில்லை. ஈஸ்டர் கழிந்ததும் நம்மை எல்லாம் தேக்கடிக்குக் கூட்டிப்போய்ப் படகில் உன்னை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, "இப்பப் பாரு, நல்லாப் பாரு" என்று ஏரியைக் காட்டிக்கொண்டே வந்தாள்.

உன் கல்யாணமும் தவக்காலம் தொடங்கும் முந்தின வாரம்தானே நடந்தது. மருமகள் மூணாறு போக ஆசைப்பட்டாள். அம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஈஸ்டர் முடியட்டும் ஆத்தா என்று கேட்டுக்கொண்டாள். அந்தப் பிள்ளையும் முகம் கோணாமல் சரி என்றது. ஈஸ்டர் வருமுன்பே உன் லீவு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆபீஸ், வீட்டு மாற்றம், அது இது என்று இன்றுவரை நீங்கள் இரண்டு பேரும் மூணாறு போகவில்லை. இதை நீ மறந்திருப்பாய். அம்மா மறக்கவில்லை என்பது எனக்கே போன ஞாயிறுதான் தெரிந்தது.

உன் அம்மாவுக்கு இப்போது வாரம் எப்படிப் போகிறது என்று உனக்குச் சரியாகத் தெரியாது. குற்றமாகச் சொல்லவில்லை, போனில் பேசினால் அவள் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வாள். செவ்வாயும் வெள்ளியும் தேனிக்குப் போய் டயாலிசிஸுக்குப் படுக்க வேண்டும். அங்கிருந்து வந்தால் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி வருவாள். சனிக்கிழமை முழுக்கப் படுக்கை. திங்கட்கிழமை காலில் நீர் கோக்க ஆரம்பித்துவிடும், மூச்சு வாங்கும். நடுவில் ஞாயிறு ஒன்றுதான் அவள் அவளாக இருக்கும் நாள். அன்றைக்குத்தான் எழுந்து தலை சீவுவாள், என்னை ஏதாவது குறை சொல்வாள், முகத்தில் களை இருக்கும். அந்த ஒரு நாளில் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும் என்றா சொல்கிறாய்? தூரம் போவதை எப்போதோ விட்டுவிட்டோம். சாம்பல் புதனுக்கு முன்புவரை, வெயில் ஏறுமுன் சண்முகா நதி அணைவரை மெதுவாக ஓட்டிப்போய், கரையில் கொஞ்ச நேரம் உட்கார வைத்துக் கூட்டிவருவேன்.

தாகம்தான் அவளைப் படுத்துகிறது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் எங்கே திரும்பினாலும் தென்னை, வாழை. அவளுக்கு இளநீரும் கூடாது, வாழைப்பழமும் கூடாது. நாக்கு வறண்டால் ஓர் ஏலக்காயை வாயில் ஒதுக்கிக்கொள்கிறாள். நான் அவளுக்கு எதிரில் தண்ணீர் குடிப்பதில்லை, பின்பக்கம் போய்க் குடித்துவிட்டு வருவேன். அவளுக்கு அது தெரியும். அவள் இடது கையில் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாயை இணைத்துவைத்திருக்கிறார்களே, அதன்மேல் விரலை வைத்தால் நல்ல மோட்டார் ஓடும்போது உடம்பில் தெரியும் அதிர்வு மாதிரி ஒன்று தெரியும். தினமும் காலையில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காப்பி போடுவேன். "என்ன, உங்க மோட்டாரு ஓடுதா?" என்று கேட்பாள். ஓடுது என்பேன். சில நாளாக அது மெலிவாகத் தெரிகிறது. அப்போதும் ஓடுது என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் உன்னிடம் மறைத்திருக்கிறேன். சாம்பல் புதனுக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இதயம் ரொம்பத் தளர்ந்துவிட்டது, டயாலிசிஸை உடம்பு தாங்குகிற வரைக்கும் பார்க்கலாம் என்றார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. வெளியே வந்து அம்மாவிடம், உப்பைக் குறைக்கச் சொன்னார் என்று சொல்லிவைத்தேன். அவள் தலையாட்டினாள். நம்பிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

போன ஞாயிறு முதல் பூசைக்குப் போய்விட்டு நான் திரும்பி வருகிறேன், அவள் குளித்து, வெளியே போகக் கட்டும் அந்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாரும் வருகிறார்களா என்று கேட்டேன்.

"சுருளிக்குப் போயிட்டு வருவோம், வாங்க."

"இது தவக்காலமாச்சே" என்றேன்.

"தெரியும். வண்டிய எடுங்க."

"ஈஸ்டர் முடியட்டும். எப்பவும் போல போவோம்."

அவள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில், டாக்டர் சொன்னது உப்பைப் பற்றி இல்லை என்பது இவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்துபோனது. சாவியை எங்கே வைத்தேன் என்று மறந்துபோய் வீடு முழுக்கத் தேடினேன். அது சட்டைப் பையிலேயே இருந்தது. தம்பி, அவளை நான் இழுத்துக்கொண்டு போனேன் என்றாயே, வாழ்நாளெல்லாம் தவக்காலத்தில் நகராதவள் வா என்று கூப்பிட்டால், நான் என்ன செய்வேன்? நீயாக இருந்தால் என்ன செய்வாய்?

காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி வழியாக மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். வலது கையால் என் இடுப்பைப் பிடித்திருந்தாள், பிடியில் பலமே இல்லை. சுருளியில் இறங்கி, அருவிக்குப் போகும் வழியில் கொஞ்சம் நடந்தாள். ஏற்றம் தொடங்கும் இடத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டாள். நான் ஒருவன் தாங்கிப் பிடித்துப் பார்த்தேன், எனக்கும் முழங்கால் முந்திமாதிரி இல்லை, இரண்டு பேருமாகச் சாயப் பார்த்தோம். "போதும், விடுங்க. அருவி எங்க போயிரப்போகுது" என்றாள். திரும்பிக் கீழே வந்து ஆற்றுப் படியில் உட்கார்ந்தோம். அருவியைப் பார்க்காமல் சுருளியிலிருந்து திரும்பியது எங்களுக்கு அதுதான் முதல்முறை. தண்ணீருக்குள் காலை வைத்தாள். குனிந்து கை நிறைய அள்ளி, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முகத்தில் அப்பிக்கொண்டாள். உதட்டில் பட்டதைத் துடைக்கவில்லை. அப்போது எடுத்ததுதான் நீ பார்த்த படம்.

எங்களுக்குப் பக்கத்தில் ஒருவர் இறந்துபோன தன் தாய்க்குத் திதி கொடுத்துக்கொண்டிருந்தார். உன் வயதுதான் இருக்கும், காரில் எங்கிருந்தோ தூரத்திலிருந்து மனைவியோடு வந்திருந்தார். பிண்டத்தை ஆற்றில் விட்டுவிட்டுக் கரையேறியவர் அப்படியே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் மனைவி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அம்மா அவர்களையே பார்த்தாள். நம்மில் அந்த வழக்கம் இல்லை என்றாலும், அவர்கள் எழுந்து போகும்வரை கையைக் குவித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்.

"நம்ம புள்ள எப்ப வாரேன்னான்?"

"ஈஸ்டருக்கு" என்றேன்.

"ஈஸ்டரு தள்ளி இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் அவளாகவே, "அந்தப் புள்ளைய மூணாறு போகவிடாம நிறுத்திட்டேன். பிறகு அதுகளுக்குப் போகவே வாய்க்கல. நீங்க சொல்லுங்க அவங்கிட்ட. எதையும் இது முடியட்டும் அது முடியட்டும்னு வைக்க வேணாம்னு சொல்லுங்க" என்றாள். நீயே சொல்லேன் என்றேன். "நான் சொன்னா அழுதுருவேன்" என்றாள். அதனால் நான் சொல்கிறேன். மருமகளைக் கூட்டிக்கொண்டு மூணாறு போ. மூணாறுதான் வேண்டும் என்று இல்லை, சென்னையில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரையோ ஏரியோ இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பு. உன் ஆபீஸும் எரிந்துபோன மோட்டார் மாதிரிதான், ஆள் இருந்தால் வாசலுக்கு வந்து நிற்கும்.

சென்னைக்குக் கூட்டிப்போவதைப் பற்றி நான் முடிவு சொல்லப்போவதில்லை. அங்கே வைத்தியம் இன்னும் நன்றாக இருக்கலாம். நீ கூப்பிட்டால் உன் மனசு நோகக் கூடாது என்று அவள் வந்தும்விடுவாள், நானும் கூட வந்துவிடுவேன். ஆனால் அதைப் போனில் கேட்காதே. நேரில் உட்கார்ந்து, அவள் கண்ணைப் பார்த்துக் கேள். கேட்கிற நாள் ஞாயிறாக இருக்கட்டும், மற்ற நாளில் பதில் சொல்ல அவளுக்குத் தெம்பு இருக்காது.

ஈஸ்டருக்கு டிக்கெட் எடுத்திருப்பாய். அது இருக்கட்டும். இந்தச் சனிக்கிழமை புறப்பட்டு வா, மருமகளையும் கூட்டிக்கொண்டு வா. உங்களுக்காக அவள் எழுந்து சமைக்க வருவாள், சமைக்க விடாதே, வழியில் எங்காவது வாங்கிக்கொள்வோம். அவளுக்கு எதிரில் தண்ணீர் குடிக்காதே. அவளைப் பார்த்ததும் நீ அழுதாலும் பரவாயில்லை, எப்படி இளைத்துவிட்டாய் என்று மட்டும் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் சுருளிக்குப் போய்விட வேண்டும். உன் நடை வேகம் எனக்குத் தெரியும், என்னிடமிருந்து வந்ததுதான். அன்றைக்கு மட்டும் அவள் நடைக்கு நட. இடது கையை யாரும் அழுத்திப் பிடிக்கக் கூடாது, அந்தப் பக்கம் எப்படித் தாங்குவது என்று எனக்குத் தெரியும், நான் வருகிறேன். வலது பக்கம் உனக்கு.

ஏற்றத்தில் அவளைத் தாங்கி அருவிவரைக்கும் கூட்டிப்போக இரண்டு ஆள் வேண்டும் தம்பி. நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

அப்பா